எவ ஊட்டு சட்டி?

"ஏண்டி, எவ ஊட்டு சட்டிடி இதெல்லாம்?"

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய பாத்திரங்களை மொட்டை மாடிக் குழாயடியில் சாக்கோடு கொட்டினேன். அந்தச் சத்தம் கேட்டுப் படியேறி வந்த அம்மா கேட்ட முதல் கேள்வி இது. எதற்கு வாங்கினாய் என்று கேட்கவில்லை. என்ன விலை என்றும் கேட்கவில்லை. முட்டி வலியோடு பதினெட்டுப் படி ஏறி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்று, எவள் வீட்டுச் சட்டி என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தெரியாது என்பதுதான் உண்மை. சந்தையில் தார்ப்பாய் விரித்துக் குவித்து வைத்திருந்தார்கள். யார் வீட்டிலிருந்து வந்தது, ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. விற்பவருக்கும் தெரியாது.

"எச்சிப் பாத்திரம் என் ஊட்டுக்குள்ள வராது" என்று சொல்லிவிட்டு அம்மா இறங்கிப் போய்விட்டார்.

நடந்தது என்னவென்றால், என் மகனுக்குப் பதினான்கு வயது. கறியைக் கரி அடுப்பில் சுட்டுத் தின்ன வேண்டும் என்று இரண்டு மாதமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். அவன் வகுப்பில் ஒருவன் பிறந்தநாளுக்கு, மேசைக்கு நடுவிலேயே அடுப்பு வைத்துக் கம்பியில் கறி சுடும் உணவகத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிற அந்தக் கடையில் எங்கள் நான்கு பேருக்கும் ஆகிற காசில் ஒரு மாத மளிகை முடிந்துவிடும். சரி, வீட்டிலேயே சுடலாம் என்றால், இணையத்தில் விற்கிற கிரில் அடுப்பும், அதன் மூடியும், கரி பற்றவைக்கிற புகைபோக்கியும், கொழுப்பு ஏந்தும் தட்டும் தனித்தனி விலை. அடுப்பை விடத் துணைச் சாமான் கூடுதலாக வருகிறது. கறி சுட்டுத் தின்ன இவ்வளவா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. செய்யாற்றுப் பக்கம் எங்கள் சேரியில் உப்புக்கண்டத்தை விறகடுப்புத் தணலில் எறிந்து, சாம்பலைத் தட்டிவிட்டுத் தின்றவர்கள் நாங்கள். காக்கா விரட்டுவது என் வேலை. மஞ்சளும் உப்பும் தடவி, நீளநீளமாக அரிந்து, கயிற்றில் கோத்து முற்றத்தில் காயப்போட்ட மாட்டுக்கறிக்குக் காவல் இருந்த கூலியாக ஒரு துண்டு கூடுதலாகக் கிடைக்கும்.

அதனால் பழைய பாத்திரத்தில் நாமே செய்துகொள்ளலாம் என்று இறங்கினேன். அம்மாவின் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்காதது என் மறதி.

அம்மா சென்னையில் இருபத்திரண்டு வருடம் வீட்டு வேலை செய்தார். மூன்று வீடு, சில வருடம் நான்கு வீடு. பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது, தரை துடைப்பது. அவர் தேய்த்து அடுக்கிய பாத்திரங்களில் ஒன்றில்கூட அவருக்கு ஒரு வாய் காப்பி ஊற்றித் தந்ததில்லை. கொல்லைப்புற ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்த ஒரு நசுங்கிய டம்ளர் தனியாக இருக்கும். குடித்துவிட்டுக் கழுவி அதே இடத்தில் கவிழ்க்க வேண்டும். இதைத் தீண்டாமை என்று சொன்னால் அந்த வீட்டார் அதிர்ச்சி அடைவார்கள். "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி வெச்சிருக்கோம்" என்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்ணின் டம்ளர் ஜன்னல் திட்டில் இருக்கிறதா என்று கேட்கும் வயது எனக்கு அப்போது இல்லை.

தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் இனாமாகத் தருவது வழக்கம் என்பார்கள். பல வருடம் அது பாத்திரமாக வந்தது. புதுப் பாத்திரம் அல்ல. அடி பிடித்த குக்கர், கைப்பிடி உடைந்த வாணலி, பூச்சு உரிந்த நான்ஸ்டிக் தவா, மூடி தொலைந்த தூக்கு. "நல்ல பாத்திரம்தான், கொஞ்சம் தட்டினா சரியாயிடும்" என்று சொல்லித் தருவார்கள். அம்மா வாங்கிக்கொள்வார். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த மாதம் வேலை இருக்காது. வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வரமாட்டார். வழியில் இருக்கிற காயலாங்கடையில் எடைக்குப் போட்டுவிட்டுத்தான் வருவார். ஒரு நாள்கூட அந்தப் பாத்திரங்களில் ஒன்று எங்கள் குடிசைக்குள் வந்ததில்லை. எங்களிடம் இருந்தது ஐந்து பாத்திரம். ஐந்திலும் அப்பாவின் பெயர் வெட்டியிருக்கும்.

காயலாங்கடையில் அலுமினியத்துக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை, பித்தளைக்கு ஒரு விலை. கடைக்காரர் ஏமாற்றப் பார்ப்பார். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் கையில் தூக்கினால் எடை சொல்வார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்து என்ன உலோகம் என்று சொல்வார். எவர்சில்வர் என்று விற்றதில் எது உண்மை, எது வெறும் பளபளப்பு என்று அவருக்குத் தெரியும். வேறு யாருடைய அடுப்படியோ அவருக்குக் கொடுத்த கல்வி இது.

மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளர்களுக்கு என்று விதித்ததில் ஒன்று, அவர்கள் உடைந்த பாத்திரத்தில் உண்ண வேண்டும் என்பது. உடுத்துவது பிணத்தின் துணி, அணிவது இரும்பு. அதே அத்தியாயத்தில் சூத்திரர்களுக்குத் தர வேண்டியவை என்று மிச்சச் சோறும், கிழிந்த துணியும், பழைய தட்டுமுட்டுச் சாமானும் வருகின்றன. அந்த வீட்டு அம்மாக்கள் யாரும் மனுஸ்மிருதி படித்திருக்க வாய்ப்பில்லை. படிக்காமலேயே பரணிலிருந்து சரியான பாத்திரத்தை எடுத்துக் கொடுக்கத் தெரிந்திருக்கிறது. என் அம்மாவும் 1927 மார்ச் மாதம் மகாத் மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர் பேசியதைக் கேட்டவர் அல்ல. செத்த மாட்டின் கறியையும் பிறர் போடும் மிச்சத்தையும் விட்டுவிடுங்கள் என்று அங்கே அவர் மக்களிடம் சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அதே ஊரில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. அம்மா அதையெல்லாம் கேள்விப்படாமலேயே காயலாங்கடைப் பக்கம் திரும்பியவர்.

இப்போது புரிந்திருக்கும், நான் ஏன் பதில் இல்லாமல் நின்றேன் என்று. பழைய பாத்திரத்தை வைத்து எதையாவது செய்வது சிலருக்குப் பொழுதுபோக்கு. மறுசுழற்சி, எளிமை, சூழலியல் என்று அதற்கு அழகான பெயர்கள் உண்டு. படம் எடுத்துப் போட்டால் நூறு பேர் பாராட்டுவார்கள். அப்பன் பாட்டன் காலத்தில் புதுப் பாத்திரத்தில் தின்றவருக்குப் பழைய பாத்திரம் ஒரு விளையாட்டு. நமக்கு அப்படி இல்லை.

அன்று இரவு அம்மாவிடம் பேசிப் பார்த்தேன். பேசவில்லை. பையன்தான் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். காலையில் பார்த்தால் அம்மா மாடியில் நிற்கிறார். சாக்கில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்திருந்தார்.

"காசு குடுத்து வாங்கனியா, இல்ல யார்னா குடுத்தாங்களா?"

"காசு குடுத்துதான்மா."

"எவ்ளோ?"

"எல்லாம் சேத்து அறுநூத்தி அம்பது. எட்டு நூறு சொன்னான்."

"பேசனியா?"

"பேசித்தான் கொறச்சேன்."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நான்ஸ்டிக் தவாவைக் காலால் தள்ளிவிட்டார். "இத்த மட்டும் தூக்கிப் போடு. மிச்சம் கெடக்கட்டும்."

அவர் தள்ளிவிட்டதற்குக் காரணம் பழைய நினைவாக இருக்கலாம். ஆனால் அந்தத் தவா கரி அடுப்புக்கு ஆகவே ஆகாது. நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரி தாண்டினால் சிதையத் தொடங்கும். அதில் கிளம்பும் புகை நுரையீரலுக்குக் கேடு. கரித்தணலின் சூடு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. பூச்சைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். மலிவு என்பதற்காக நஞ்சைத் தின்ன வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

இதைச் சொன்னதால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். துத்தநாகம் பூசிய இரும்பு வாளி, தகரம் எதையும் தணலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. 419 டிகிரியில் துத்தநாகம் உருகும். இன்னும் சூடு ஏறினால் புகையாகும். அதை மூச்சில் இழுத்தால் குளிர்காய்ச்சல் மாதிரி ஆளைப் போட்டுவிடும். வெல்டிங் பட்டறைக்காரர்களைக் கேளுங்கள், அனுபவித்திருப்பார்கள். ஈயம் பூசிய பித்தளையும் வேண்டாம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகி ஓடும். பழைய பிரிட்ஜின் கம்பித் தட்டு பார்க்கச் சல்லடை மாதிரி அம்சமாக இருக்கும். அதற்கும் மேல்பூச்சு உண்டு, விட்டுவிடுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். விசிறிவிட்ட கரித்தணல் அதையும் தாண்டிப் போகும். அதனால் அலுமினியம் தணலைத் தொடக் கூடாது, தூரத்தில் மூடியாக இருக்கலாம். நெருப்போடு நேரடியாக உறவாடுவதற்கு இரும்பு, இல்லையென்றால் எவர்சில்வர். சந்தைக்குப் போகும்போது பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்றை நான் பையில் வைத்திருந்தேன். ஒட்டினால் இரும்பு என்று எடுத்துக்கொண்டேன். அதில் எவ்வளவு தப்பு இருக்கிறது என்று பிறகு தெரிந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுப்புக்கு ஒரு பெரிய வடைச்சட்டி கிடைத்தது. மூடிப்போன ஏதோ டீக்கடையுடையதாக இருக்க வேண்டும். உட்புறம் எண்ணெய் கருகிக் கருகித் தார் மாதிரி ஒட்டியிருந்தது. அதைத் தேய்ப்பதில் பொழுதைக் கழிக்கவில்லை. வெறும் சட்டியில் விறகு போட்டு ஒரு மணி நேரம் எரித்தோம். தார் சாம்பலாகி உதிர்ந்தது. ஆறிய பிறகு செங்கல் பொடியும் தேங்காய் நாரும். நெருப்புச் சூட்டில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், இரும்பு கோணிக்கொள்ளும், வார்ப்பு இரும்பாக இருந்தால் வெடித்தே போகும்.

சட்டியின் அடியில் காற்று நுழைய வழி இல்லாவிட்டால் கரி பாதியில் செத்துவிடும். துளை போடலாம் என்று பட்டறைக்குத் தூக்கிப்போனேன். பட்டறைத் தம்பி, "எதுக்குக்கா நல்ல சட்டிய ஓட்ட போடுற? உள்ள ஒரு ஓட்டத் தட்டத் தூக்கி வெய்யி" என்றார். அவர் சொன்னதுதான் சரி. சோறு வடிக்கிற எவர்சில்வர் ஓட்டைத் தட்டு ஒன்றைச் சட்டிக்குள் மூன்று செங்கல் துண்டின் மேல் வைத்தோம். கரி அதன் மேல். சாம்பல் கீழே விழுகிறது, காற்று ஓரத்தில் இறங்கி அடியில் போய் மேலே வருகிறது. கறி வைக்கும் சல்லடைக்கு அவரே பூச்சு இல்லாத 6 மில்லிமீட்டர் இரும்புக் கம்பியை வெட்டி அடுக்கிப் பற்றவைத்துத் தந்தார். முதல் தடவை கறி வைக்காமல் வெறும் தணலில் காயவிட்டு, எண்ணெய் தடவி, மறுபடி காயவிட்டோம். தோசைக்கல் பழக்குகிற அதே வேலைதான்.

பையனுக்கு மிகவும் பிடித்தது தூக்குதான். மூடி இல்லாத, நெளிந்த எவர்சில்வர் தூக்கு. அதன் அடியில் ஆணியும் சுத்தியலும் வைத்துப் பத்துப் பன்னிரண்டு ஓட்டை, கீழ்ப்பக்கச் சுற்றுச் சுவரில் இன்னொரு பத்து. இரண்டு கல்லின் மேல் வைத்து, அடியில் காகிதத்தைக் கசக்கிப் போட்டு, மேலே கரியை நிரப்பி, கீழிருந்து பற்றவைத்தால், மண்ணெண்ணெய் ஒரு சொட்டு இல்லாமல், விசிறி இல்லாமல், இருபது நிமிடத்தில் கரி முழுக்கச் சாம்பல் பூத்துவிடுகிறது. சூடான காற்று மேலே போகப் போக அடித்துளை வழியாகக் குளிர்ந்த காற்றை இழுத்துக்கொள்ளும். வெப்பச்சலனம் என்று பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கியவன், தூக்கின் வாயில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து அது பறப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தூக்கின் கம்பிப் பிடி பழுக்கக் காய்ந்துவிடும். கனமான கரித்துணியோ இடுக்கியோ இல்லாமல் அதைத் தொடக் கூடாது. நான் தொட்டேன். இரண்டு விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

மூடிக்கு ஓர் அலுமினிய அன்னக்கூடை. கவிழ்த்தால் சட்டியின் வாயை அளவெடுத்த மாதிரி மூடியது. உச்சியில் ஓர் ஓட்டை போட்டு, உடைந்த சப்பாத்திக் கட்டையின் பிடியைத் திருகாணியால் முறுக்கினோம். பக்கத்தில் புகை போக நான்கு துளை. அவ்வளவுதான். மொட்டை மாடி என்பதால் சரி. மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துவிடாதீர்கள், மழை நாளிலும்கூட. கரி எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது, தூங்கினவர் தூங்கினபடியே போய்விடுவார்.

அடுத்தது தட்டு. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

கொழுப்புள்ள கறியைத் தணலுக்கு நேர் மேலே வைத்தால் கொழுப்பு உருகிச் சொட்டி, நெருப்பு குபுக்கென்று எழும்பி, கறி கருகும். அதற்குக் கரியை இரண்டு பக்கமாக ஒதுக்கி, நடுவில் கறிக்கு நேர் கீழே ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். சொட்டுவது தட்டில் விழும். இதற்காக விளிம்பு உயர்ந்த ஓர் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டை எடுத்திருந்தேன். கனமான தட்டு, பழைய காலத்து வேலைப்பாடு. சந்தையில் அவசரத்தில் பின்பக்கம் பார்க்கவில்லை.

பையன் கழுவும்போது பார்த்துவிட்டான். "ம்மா, பேரு போட்டிருக்கு." படித்தான். ஒரு கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த தட்டு. கொடுத்தவரின் பெயர், தேதி, ஊர். பெயரை இங்கே எழுத மாட்டேன், அவர்கள் யாரோ எவரோ. பெயருக்குப் பின்னால் இருந்த சாதி வாலை மட்டும் சொல்லலாம். பெயரை விட வாலுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருந்தார் வெட்டியவர். சாப்பிடுகிற தட்டின் முதுகில்கூடச் சாதி. இலையில் சாப்பிட்டால் இலையோடு போய்விடும், எவர்சில்வரில் வெட்டினால் பேரன் காலத்துக்கும் நிற்கும்.

அம்மா பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் தட்டை எடுத்து வைத்துவிட்டேன். "வேற தட்டு பாக்கலாம்" என்றேன். சங்கடம் எனக்குத்தான். இவ்வளவு பேசுகிறவள், இவ்வளவு எழுதுகிறவள், அந்தப் பெயரைப் பார்த்ததும் ஏதோ அவர்கள் வீட்டு அடுப்படியில் அனுமதி இல்லாமல் நுழைந்துவிட்ட மாதிரி ஒரு கணம் கூசினேன். இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

"ஏன்?" என்றார் அம்மா.

"பேரு இருக்கும்மா. அவங்க ஆளுங்க."

"அவுங்க வந்து கேக்கறாங்களா?"

"இல்ல."

"காசு குடுத்த இல்ல?"

"குடுத்தேன்."

"அப்பறம் இன்னா? ஊத்து தண்ணிய."

ஊற்றினேன். பையன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. பூண்டைத் தொடர்ந்து உரித்தார். எத்தனை வருடம் அந்த மாதிரித் தட்டுகளைப் பின்பக்கமும் சேர்த்துத் தேய்த்திருப்பார். படிக்கத் தெரியாத அந்தக் கைக்கு எழுத்தின் மேடு பள்ளம் தெரிந்துதான் இருக்கும். அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கறி ஒன்றரைக் கிலோ. மாட்டுக்கறிதான், தொடைப்பகுதி, புளியந்தோப்பிலிருந்து இணையர் வாங்கிவந்தார். பாதியைப் பையனின் விருப்பத்துக்குப் பப்பாளிக்காய் விழுது, இஞ்சி பூண்டு, மிளகு, தயிர் போட்டு ஊறவைத்து எவர்சில்வர் கம்பியில் கோத்தோம். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி வேண்டாம் என்று முதலிலேயே முடிவு, அதற்கும் பூச்சு உண்டு. மீதியை அம்மா எடுத்துக்கொண்டார். உப்பு, மஞ்சள், காய்ந்த மிளகாய் அரைத்தது. அவ்வளவுதான். "தயிர்லாம் போட்டா அது கறி இல்ல, கொழம்பு" என்றார்.

கீழ்வீட்டில் உரிமையாளர். வாடகைக்கு வந்தபோதே என்ன சமைப்போம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தோம். சொல்லாமல் வந்து பிறகு மூக்கைப் பொத்துகிற முகத்தைப் பார்க்கிற தெம்பு எங்களுக்கு இல்லை. அதற்காகப் பதினோரு வீடு பார்க்க வேண்டியிருந்தது. இவர் அன்று மாடிக்கு வந்து, துணி காயப்போடுகிற பக்கம் புகை வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். போகும்போது மூடியைத் தூக்கிப் பார்த்து, அன்னக்கூடையா என்று சிரித்தார். ஒரு தட்டு கொடுத்தனுப்பினோம். தட்டு கழுவி, காலியாக, மறுநாள் வந்தது.

கரியைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் வாங்கியது சீமைக் கருவேலங்கரி, ராமநாதபுரம் சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது. மரத்தை அடுக்கி, மண் பூசி மூடி, காற்றை அடக்கி, நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனியவிட்டு எடுக்கிற கரி. தணல் நின்று எரியும். விலை மலிவு. ஏன் மலிவு என்றும் யோசிக்க வேண்டும். மரம் வெட்டிலும் கரி மூட்டத்திலும் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு கட்டிப்போடுவது இன்னும் முடியவில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். வட மாவட்டங்களில் மரம் வெட்டுகிற இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களை மீட்ட செய்தி இத்தனை ஆண்டுக்குப் பிறகும் வந்துகொண்டேதான் இருக்கிறது. நான் வாங்கிய மூட்டையில் அப்படி யாருடைய கை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தட்டின் பின்னால் கொடுத்தவர் பெயர் இருக்கும். கரி மூட்டையின் மேல் வெட்டியவர் பெயர் இருப்பதில்லை. அதற்குப் பிறகு முடிந்தவரை கொட்டாங்குச்சியை எரித்து நாங்களே கரி செய்துகொள்கிறோம். அதனால் யாருக்கும் விடுதலை வந்துவிடாது என்பது தெரிந்துதான் செய்கிறோம்.

பையன் கம்பியைத் திருப்பிக்கொண்டே இருந்தான். அம்மா முதலில் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம்தான். "நெருப்பு ஜாஸ்திடா, ஒதுக்கு. கறி மேல பூத்த தணல்தான் படணும், கொழுந்து படக் கூடாது" என்று கிட்டே வந்துவிட்டார். அன்னக்கூடையைக் கவிழ்க்கச் சொன்னார். திறக்கச் சொன்னார். தன் பங்குக் கறியைக் கம்பியில் கோக்காமல் அப்படியே சல்லடை மேல் போட்டு, வெறும் கையால் திருப்பினார். இருபத்திரண்டு வருடம் சோப்புத் தண்ணீரில் ஊறிய விரல்கள், சூடு தெரியவில்லை போலிருக்கிறது.

இரண்டில் எது நன்றாக இருந்தது என்று பையன் நியாயம் கேட்டான். அவனுடையது மெத்தென்று இருந்தது. அம்மாவுடையதைக் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. நான் அம்மாவுடையதைத்தான் அதிகம் தின்றேன். அடுப்பு ஆறிய பிறகு நடுவில் இருந்த தட்டை எடுத்தேன். தண்ணீர் வற்றி, கொழுப்பு இறுகி, அடிப்பக்கம் கரி படிந்து நீலமும் மஞ்சளுமாக நிறம் மாறியிருந்தது. தேய்க்கப் போனேன். அம்மா வாங்கி, உள்பக்கம் மட்டும் சாம்பல் போட்டுத் துலக்கி, பின்பக்கத்தை அப்படியே விட்டு, சுவரோரம் சாய்த்து வைத்தார். இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது. பெயரைப் படிக்க முடியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன் என்றார். இன்னொரு சட்டி வேண்டுமாம், சின்னதாக, உப்புக்கண்டம் மட்டும் வறுக்க. பல்லாவரத்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். பழைய கட்டில், மீன் தொட்டி, புறா, ரோஜாச் செடி, உடைந்த செல்போன் எல்லாவற்றையும் தாண்டி, முட்டி வலியோடு நிதானமாக நடந்து பாத்திரக் குவியலுக்கு வந்தார். நான் காந்தத்தை எடுத்தேன். "அத்த உள்ள வெய்யி" என்றார்.

குனிந்து ஒரு வார்ப்பு இரும்புச் சட்டியைத் தூக்கினார். அழகான சட்டி. கனமான அடி, இரண்டு பக்கமும் காது, துரு அதிகம் இல்லை. காந்தம் வைத்திருந்தால் சபாஷ் என்று ஒட்டியிருக்கும். நான் விலை பேசத் தொடங்கிவிட்டேன். முந்நூறு என்றார் கடைக்காரர். நான் நூற்று எண்பது என்றேன். அம்மா சட்டியை இடது கையின் விரல் நுனியில் தொங்கவிட்டு, வலது கை விரல் முட்டியால் தட்டினார். நல்ல இரும்பு மணி மாதிரி இழுத்துப் பாடும். இது 'டொக்' என்று நின்றது. இன்னொரு முறை வேறு இடத்தில் தட்டினார். அதே டொக். வெளிச்சத்துக்குத் திருப்பி, காதுக்குக் கீழே முடி அளவுக்கு ஓடியிருந்த ஒரு கோட்டை நகத்தால் காட்டினார். கடைக்காரர் அதை அப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"நூறு ரூவா குடும்மா, எடுத்துக்கோ" என்றார்.

"ஒடஞ்சது வேணாம்" என்று சொல்லி அம்மா சட்டியைக் குவியலில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்துத் தட்டினார்.